ஒட்சிசனுக்குக் கழிவு இரண்டு

பொகவந்தலாவை,
புதன்கிழமை.

என் அன்புள்ள அத்தானுக்கு,

யூஜினா எழுதுவது. நானும் மாமியும் சுகமாக இருக்கிறோம். மழை விட்டபாடில்லை, காயப்போட்ட துணி இரண்டாம் நாளும் ஈரம்தான். அங்கே வெயிலில் நிற்கிற உங்களுக்கு இதைக் கேட்கவே குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தலை மறக்க வேண்டாம்.

கையில் போன் இருக்க இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். மேல் லயத்து நிரோஷன் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறான். மாமி இடித்த மிளகாய்த்தூளும் தேயிலைத்தூளும் அவனிடம் கொடுத்துவிடுகிறோம், அந்தப் பொதிக்குள் இதுவும் வரும். அது ஒரு காரணம். இன்னொன்று, முந்தாநாள் போனில் நீங்கள் "என்ன முடிவாச்சு?" என்று கேட்டதும் சிக்னல் போய்விட்டதே, அது தானாகப் போகவில்லை. நான்தான் வெட்டினேன். இந்த விஷயத்தைப் போனில் பேசினால் பாதியில் உங்களுக்குக் கோபம் வரும், மீதியில் எனக்கு அழுகை வரும், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்றே இருவருக்கும் தெரியாது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. டீச்சராக இருந்து பழகிய எனக்கு அதுதான் வசதி.

நம் பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். நம் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இந்த வருடம் தொடங்கினால் நான் இங்கே நிற்பது, தொடங்காவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு உங்களிடம் வந்துவிடுவது. தொடங்காது என்று நம்பி நீங்கள் அறையும் பார்த்துவிட்டீர்கள். விசாவும் சரி. இரண்டு அடுப்பு உள்ள குசினியின் படத்தை அனுப்பினீர்கள், ஜன்னலுக்குப் பச்சைத் துணி போட்டிருக்கிறேன் என்று இன்னொரு படம். அதை மாமிக்குக் காட்டினேன். "நீ போம்மா, நான் தனியா இருந்துக்குவேன்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, முழங்கால் வலி வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க நொண்டினார்.

வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகளாவது வேண்டும் என்பது வலயக் கல்விக் கந்தோரின் கண்டிப்பு. பௌதிகத்துக்கும் உயிரியலுக்கும் ஆசிரியர்கள் போட்டாகிவிட்டது, இரசாயனத்துக்கு நான். ஆனால் பிள்ளைகள் பதினாலோடு நின்றுவிட்டார்கள். அந்தப் பதினாலு பேரின் வீடுகளிலும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பதினைந்தாவதாக வரக்கூடியவன் மைக்கல். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவன். அவனுடைய அப்பா யார் தெரியுமா? நம் கணக்கப்பிள்ளை சூசைரட்ணம் ஐயா. அவர் மகனை ஹட்டனில் விடுதியில் சேர்ப்பதற்குப் பெட்டி கூட வாங்கிவிட்டார் என்று ஊருக்கே தெரியும். கணக்கப்பிள்ளையின் மகனே இங்கே படிக்காவிட்டால் மற்றவர்கள் எதற்குப் படிக்க வேண்டும் என்று அந்தப் பதினாலும் கலைந்துவிடும்.

போன கூட்டத்தில் மீனம்மாக்கா எழும்பி, "என்ன படிக்குதுன்னே தெரியாம பொட்டப்புள்ளய எப்புடி விடுறது? அசிட்டு கிசிட்ட மூஞ்சில ஊத்திக்கிட்டா யாரு பொறுப்பு?" என்று கேட்டார். அவர் மகள் கோசலா பதினாலு பேரில் ஒருத்தி. நம் அதிபர் தம்பையா சேரைத்தான் தெரியுமே, எந்தப் பந்து வந்தாலும் என் பக்கம் தட்டிவிடுவார். "ஞாயித்துக்கிழம எல்லாரும் வாங்க, டீச்சர் உங்களுக்கே ஒரு பாடம் எடுப்பாங்க, பார்த்துட்டு முடிவு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்ன பாடம் எடுப்பது? ஆய்வுகூடம் என்று நம்மிடம் இருப்பது ஒரு அலுமாரி, அதன் பூட்டுக்கும் திறப்பு இல்லை. சோக்கட்டியும் கரும்பலகையும் மட்டும் போதுமான பாடமாகத் தேடி ஒட்சியேற்ற எண்ணை எடுத்தேன். சிரிக்காதீர்கள். விஞ்ஞானப் பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளிகளை மாமி இன்னும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், அதனால் உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரு சேர்வைக்குள் பல மூலகங்கள் சேர்ந்திருக்கும். அதில் இலத்திரனை விட்டுக்கொடுப்பவனுக்குக் கூட்டல் எண், தன் பக்கம் இழுத்துக்கொள்பவனுக்குக் கழித்தல் எண். முழுச் சேர்வைக்கும் கூட்டிப் பார்த்தால் பூச்சியம் வர வேண்டும். ஒன்றிரண்டு பேரின் எண் தெரிந்தால் போதும், தெரியாதவனின் எண்ணைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம். அவ்வளவுதான் பாடம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குப் போனவர்களும் வந்து, மண்டபம் நிறைந்துவிட்டது. இவ்வளவு பேரை நான் எதிர்பார்க்கவில்லை. தாய்மார்தான் அதிகம். முன் வாங்கில் மாமி உட்கார்ந்திருந்தார், கையில் செபமாலையோடு. அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு சூசைரட்ணம் ஐயா. மகன் மைக்கல் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

முதல் விதியைச் சொன்னேன். எதோடும் சேராமல் தனியாக இருக்கும் மூலகத்துக்கு எண் பூச்சியம். உடனே மீனம்மாக்கா, "அப்ப ஒண்டிக்கட்டைக்கெல்லாம் சைபரா டீச்சர்?" என்றார். மண்டபமே என்னைப் பார்த்துச் சிரித்தது. உங்களால் எனக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். ஐதரசனுக்குக் கூட்டல் ஒன்று, இரண்டு ஐதரசனுக்குக் கூட்டல் இரண்டு. அதைச் சமன் பண்ண ஒட்சிசனுக்குக் கழித்தல் இரண்டு. தலையாட்டினார்கள், ஆனால் கண்ணில் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஒட்சிசன் எங்கே போனாலும் அனேகமாக இரண்டுதான் கழிப்பான். நீங்கள் பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணிக்கும் என்று கழிவு போடுகிறார்களே, அந்த மாதிரி."

அத்தான், வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மா, "ரெண்டா? மழ நாள்ல நாலு கழிக்கிறாங்க டீச்சர், எழுதிக்கங்க" என்றார். இன்னொருவர், "வெயில் அடிச்சாலும் தண்ணிக்குக் கழிவாம், வானத்த பார்த்துட்டா கழிக்கிறாரு?" என்றார். ஆளுக்கு ஆள் எழும்பிவிட்டார்கள். இரசாயனம் எங்கேயோ போய்விட்டது, தொழிற்சங்கக் கூட்டம் ஆகிவிட்டது. மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று கழிவு போடுகிற சூசைரட்ணம் ஐயா அசையாமல் உட்கார்ந்திருந்தார், காது மட்டும் சிவந்துகொண்டே போனது. எந்த மனுசனின் மகனைக் கேட்டு நிற்கிறேனோ, அந்த மனுசனையே நடுச் சபையில் நிறுத்திவிட்டேனே என்று பதறினேன்.

சமாளிக்க நினைத்து இன்னும் கெடுத்தேன். "கழிக்கிறது எங்கேயும் காணாமல் போகாது, ஒரு பக்கம் கழித்தலாக இருந்தால் இன்னொரு பக்கம் கூட்டலாக இருக்கும்" என்றேன். "அப்ப எங்க கிலோ எந்தப் பக்கம் கூட்டலா இருக்கு?" என்று மீனம்மாக்கா கேட்டாரே பார்க்கலாம். தம்பையா சேர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி செபமாலையை வேகமாக உருட்டினார்.

அப்போது சூசைரட்ணம் ஐயா எழும்பினார்.

மகனைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மைக்கல் தலையைக் குனிந்துகொண்டான். இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவர் எழும்பியபோது என் மனதின் ஒரு பக்கம், போகட்டும், நல்லது என்றது. எல்லாம் முடிந்தது, இனி ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது, அத்தானிடம் போய்விடலாம் என்று ஒரு சந்தோஷம் வந்தது. உண்மையாகவே வந்தது. அந்தப் பச்சைத் துணி போட்ட ஜன்னல் கண் முன்னால் வந்து நின்றது.

அவர் கதவுப் பக்கம் போகவில்லை. கரும்பலகைப் பக்கம் வந்தார். "நான் எதுக்கு ஓடணும்? கணக்குக்குப் பயந்த ஆளா நானு? ஒரு கணக்கக் குடுங்க டீச்சர், நானே போடுறேன்" என்று கையை நீட்டினார். சோக்கட்டியைக் கொடுத்தேன். கீரை கழுவவும் புண் கழுவவும் வைத்திருக்கிறோமே கொண்டிஸ், அந்த ஊதா மருந்தையே கணக்காகக் கொடுத்தேன். அதற்குள் பொற்றாசியம் ஒன்று, மங்கனீசு ஒன்று, ஒட்சிசன் நான்கு. பொற்றாசியத்துக்கு எப்போதும் கூட்டல் ஒன்று. மங்கனீசின் எண் என்ன என்று கேட்டேன்.

கணக்கப்பிள்ளையின் எழுத்தல்லவா, இலக்கங்கள் அச்சடித்த மாதிரி விழுந்தன. பொற்றாசியத்துக்குக் கூட்டல் ஒன்று போட்டார். ஒட்சிசனுக்குக் கழித்தல் இரண்டு போட்டார். சமன் பண்ண இன்னும் ஒன்று வேண்டும், ஆகவே மங்கனீசுக்குக் கூட்டல் ஒன்று என்று எழுதி அடியில் இரட்டைக் கோடும் இழுத்தார். திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"நாலு ஒட்சிசன் இருக்குல்ல ஐயா!" என்று மீனம்மாக்கா கத்தினார். அவரைத் தொடர்ந்து மண்டபம் முழுக்க, "நாலு! நாலு!" என்று கத்தியது. அவர் என்ன செய்துவிட்டார் தெரியுமா? கூடையில் எத்தனை கிலோ கொழுந்து கிடந்தாலும் ஒரு தரம் நிறுத்தால் ஒரு தரம் கழிவு, அந்தப் பழக்கத்தில் நான்கு ஒட்சிசனையும் ஒரே நிறுவையாக நினைத்து இரண்டை ஒரு தரம்தான் கழித்திருக்கிறார். "எங்க வரிசையில மட்டும் ஆளுக்கு ஆள் தவறாம கழிப்பீங்க, ஒட்சிசனுக்கு மாத்திரம் சலுகையா?" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

அவர் கரும்பலகையைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். பிறகு, அத்தான், அந்த மனுசன் சிரித்துவிட்டார். மடுவத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே அழித்தார். நான்கு ஒட்சிசன், தலைக்கு இரண்டு, கழித்தல் எட்டு. பொற்றாசியம் ஒன்று கொடுக்கிறது, மிச்சம் ஏழு. அவர் எழுதுவதற்கு முன்னமே மண்டபம் "ஏழு!" என்றது. அட்சரசுத்தமாகச் சரி. மங்கனீசுக்குக் கூட்டல் ஏழு. கொட்டாவி விட்டவர்களும் கத்தினார்கள். மாமி கூட, எதற்கென்று தெரியாமல், ஏழு என்றார்.

சூசைரட்ணம் ஐயா கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டிவிட்டு, "இந்த வயசில எனக்கே புடிபடுது. எம் பையனுக்குப் புடிபடாதா? எதுக்கு ஹட்டன்? மைக்கல் பேர எழுதிக்கங்க சேர்" என்றார். மலையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பையா சேருக்கு அந்தச் சொல் மட்டும் எப்படித்தான் கேட்டதோ, கண் மூடித் திறப்பதற்குள் பேரை எழுதிவிட்டார்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். டீச்சருக்கு ஆனந்தக் கண்ணீர் என்று அம்மாமார் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டார்கள். பாதி ஆனந்தம்தான். மீதியை அவர்களிடம் சொல்ல முடியுமா?

முடிப்பதற்கு முன்னால் ஒரு விதிவிலக்கையும் சொல்லிவைத்தேன், இல்லாவிட்டால் பாடம் அரைகுறையாகிவிடும். டிஸ்பென்சரியில் வெட்டுக்காயத்துக்கு ஊற்றினால் நுரைக்குமே ஒரு மருந்து, அதன் பெயர் ஐதரசன் பரவொட்சைட்டு. அதற்குள் ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் இரண்டு. இரண்டு ஒட்சிசனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அங்கே ஒவ்வொன்றும் ஒன்றுதான் கழிக்கும். இதை எல்லாரும் மிகக் கவனமாகக் கேட்டார்கள். ஏன் அவ்வளவு கவனம் என்று எனக்கு அடுத்த நாள்தான் விளங்கியது. திங்கட்கிழமை அதிசயமாக வெயில் அடித்திருக்கிறது. மடுவத்தில் மீனம்மாக்கா கொழுந்தைத் தராசில் வைத்துவிட்டு, "ஐயா, இன்னைக்கி காய்ஞ்ச கொழுந்து, பரவொட்சைட்டு கணக்குப் போடுங்க" என்றாராம். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அதையே சொல்ல, அவரும் முணுமுணுத்துக்கொண்டே அன்றைக்கு ஒன்றுதான் கழித்தாராம். மழை வந்ததும் பழையபடி ஆகிவிட்டது என்பது வேறு கதை. ஆனால் உயர்தர இரசாயனத்தை மடுவம் வரைக்கும் கொண்டுபோன பெருமை என்னைத்தான் சேரும், நீங்கள் டோஹாவில் நாலு பேரிடம் சொல்லலாம்.

இவ்வளவு தூரம் எழுதியும் சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்கும். வகுப்பு தொடங்குகிறது அத்தான். அடுத்த திங்கட்கிழமை முதல் பாடம். நான் வரவில்லை.

எழுதிவிட்டேன். இந்த இரண்டு சொல்லை எழுத முடியாமல்தான் போனை வெட்டினேன்.

பேச்சு பேச்சுதான் என்று நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பீர்கள், எனக்கு அதுதான் பயம். திட்டினால் தாங்குவேன். "சரி, உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் இஷ்டம் என்றால் இரண்டுமே வேண்டும். கோசலா முன் வாங்கில் உட்கார்ந்து கேள்வி கேட்பதும் வேண்டும், நீங்கள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு "என்ன கறி?" என்று கேட்பதும் வேண்டும். பச்சைத் துணியை நீங்களே தைத்தீர்கள் என்று நிரோஷன் சொன்னான். ஓரம் கோணலாக இருந்ததற்குக் காரணம் அதுதானா? கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து உங்களைக் கேலி வேறு பண்ணினேன்.

உங்கள் ஒப்பந்தம் ஆவணியோடு முடிகிறது. மேலும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட முன்னால் ஒரு தரம் வாருங்கள். இந்தக் குளிரில் ஏசி திருத்துகிறவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள், கேட்டும் இருக்கிறீர்கள். ஹட்டனில் இறைச்சிக் கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் குளிர்ப்பெட்டி பழுதானால் கண்டியிலிருந்து ஆள் வரும் வரை காத்துக் கிடக்கிறார்கள். பால் சேர்க்கும் நிலையத்தில் போன மாதம் பாலைக் குளிரவைக்கிற தாங்கி பழுதாகி எவ்வளவு பால் கெட்டது தெரியுமா? நான் விசாரித்துவிட்டேன். டீச்சர் எதற்கு இதையெல்லாம் கேட்கிறாள் என்று அந்தக் கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நிற்பதா திரும்பிப் போவதா என்பதை வந்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லை, திறப்பேன், ஆனால் கொஞ்சமாக.

மாமி அடுப்பங்கரையிலிருந்து, "எல்லாத்தையும் எழுதிட்டியா? அவன் என்ன சொல்லுவானாம்?" என்று கேட்கிறார். முழங்கால் வலி சுத்தமாகப் போய்விட்டது, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறார். தன் மகன் கோபப்படுவான் என்று அவருக்கும் பயம்தான், அதனால்தான் மிளகாய்த்தூளை இரண்டு மடங்கு கட்டிவிட்டார்.

மடு மாதா உங்களுக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். இதை வாசித்து முடித்ததும் உடனே போன் எடுக்க வேண்டாம், ஒரு நாள் போகட்டும். கோபம் வந்தால் வரட்டும், அது உங்களுக்கு உரியது. அந்தக் கோபத்தை அங்கேயே ஆறவிடாதீர்கள். அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், என் முகத்துக்கு நேரே நின்று கோபப்படுங்கள். ஆனால் வாருங்கள்.

என்றும் உங்களுடைய,
யூஜினா